ஃபெல்ட் துணியில் கைத்தையல்: ஓர் ஊசிப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்

எம்பிராய்டரி கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசையாய் ஆரம்பித்து, மெல்லிய பருத்தித் துணியை ஃபிரேமில் இறுக்கி நாலு நாள் தைத்து, துணி சுருங்கி, ஓரம் பிரிந்து, பின்பக்கம் நூலெல்லாம் சிக்காகி, கடைசியில் எல்லாவற்றையும் அப்படியே சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. நானும் அப்படி வைத்தவள்தான். மறுபடியும் என்னை ஊசி எடுக்க வைத்தது உள்ளங்கை அளவுக்கு ஒரு ஃபெல்ட் (நெய்யாமல், இழைகளை இறுக்கியே செய்கிற துணி) துண்டு. அதனால் யாராவது கைத்தையல் கற்க விரும்புகிறேன் என்றால் நான் முதலில் சொல்வது, ஃபெல்ட்டில் தொடங்குங்கள் என்பதுதான்.

காரணம் எளிது. ஃபெல்ட்டை வெட்டினால் வெட்டிய ஓரம் வெட்டியபடியே நிற்கும். மடித்துத் தைக்க வேண்டாம், பிசிறு வராது, ஃபிரேமும் பெரும்பாலும் தேவைப்படாது. ஓர் இலையை வெட்டினால் அந்த நிமிடமே அது இலைதான், நடுவில் ஒரு நரம்பைத் தைத்துவிட்டால் வேலை முடிந்தது. இரண்டு மூன்று மாலைகளில் கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி ஒரு பொருள் உருவாகிவிடும், அந்தச் சந்தோஷம்தான் அடுத்ததைத் தைக்க வைக்கும்.

ஓரம் ஏன் பிரிவதில்லை என்று தெரிந்துகொண்டால் இந்தத் துணியை எப்படிக் கையாள வேண்டும் என்பதும் பாதி புரிந்துவிடும். சாதாரணத் துணியில் பாவு நூலும் ஊடு நூலும் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடுகின்றன, வெட்டினால் ஓர இழைகள் உருவிக்கொண்டு வருகின்றன. ஃபெல்ட் நெய்யப்படுவதே இல்லை. ஆட்டு மயிரின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய செதில்கள் இருக்கும். சூடு, ஈரம், சோப்பு, தேய்ப்பு எல்லாம் சேரும்போது அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு மயிரெல்லாம் ஒரே தகடாக இறுகிவிடும். செயற்கை இழை ஃபெல்ட்டில் இந்தச் செதில் கிடையாது, அதனால் முள் வைத்த ஊசிகளால் ஆயிரக்கணக்கான முறை குத்திக் குத்தி இழைகளைப் பின்னவைக்கிறார்கள். இரண்டிலும் இழுத்தால் வர தனி நூல் என்று எதுவும் இல்லை.

இது ரொம்பப் பழைய வேலை. சைபீரியாவின் அல்தாய் மலைப் பகுதியில், பாசிரிக் என்ற இடத்தில், உறைபனி மூடிக் காப்பாற்றி வைத்திருந்த கல்லறைகளிலிருந்து 2000 ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான ஃபெல்ட் விரிப்புகளும், உள்ளே அடைத்துத் தைத்த ஃபெல்ட் அன்னங்களும் கிடைத்திருக்கின்றன. இன்று அவை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிர்கிஸ்தானில் ஷிர்டாக் என்ற ஃபெல்ட் கம்பளங்களை இன்றும் கையால் தைக்கிறார்கள். அந்தக் கலையை 2012இல் யுனெஸ்கோ அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. வண்ணத் துண்டை வடிவமாக வெட்டித் தைத்துச் சேர்ப்பது, பஞ்சடைத்து உருவம் செய்வது என்று நாம் வீட்டில் உட்கார்ந்து செய்யப்போகிற இரண்டு வேலைகளும் அன்றைக்கே இருந்திருக்கின்றன.

எந்த ஃபெல்ட் வாங்குவது?

கைவினைப் பொருட்கள் விற்கிற இடத்தில் மூன்று வகை கிடைக்கும். முழுக் கம்பளி, கம்பளியும் ரேயானும் கலந்தது, முழுக்கச் செயற்கை இழை. முழுக் கம்பளி அடர்த்தியாக, தொடும்போது மெத்தென்று இருக்கும், விலையும் அதிகம். செயற்கை ஃபெல்ட் மலிவு, வண்ணங்கள் பளிச்சென்று இருக்கும், ஆனால் சிலவற்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக இருக்கும். அப்படிப்பட்டதில் ஓரத்துக்கு அருகே தைத்தால் நூல் துணியை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். என் அபிப்பிராயத்தில் தொடக்கத்துக்குக் கலப்பு ஃபெல்ட்தான் நல்லது. அது கிடைக்காவிட்டால் செயற்கை ஃபெல்ட்டிலேயே கொஞ்சம் அடர்த்தியானதாகத் தேடி எடுங்கள். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தடிமன் இருந்தால் போதும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் அட்டை மாதிரி விறைப்பாக வருவது பை, பெட்டி செய்வதற்கு. அதில் ஊசி இறங்கவே விரல் வலிக்கும்.

கடையில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். துண்டின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். இழுத்ததும் தளர்ந்து, விட்டதும் பழையபடி திரும்பாமல் தொய்ந்து நின்றால் அது வேண்டாம். கட்டைவிரலால் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள், உடனே பஞ்சு உருண்டைகளாக எழும்பினால் அதுவும் வேண்டாம்.

வண்ணம் எடுக்கும்போதுதான் கை நீளும். நான்கு வண்ணத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன்: பின்னணிக்கு ஒன்று, பூவுக்கு இரண்டு, இலைக்கு ஒன்று. பின்னணி அடங்கிய நிறமாக இருந்தால், கரும்பச்சையோ சாம்பலோ காவியோ, மேலே வைக்கிற எதுவும் எடுத்துக் காட்டும்.

நூலும் ஊசியும்

எம்பிராய்டரி நூல் சாதாரணமாக ஆறு இழைகள் சேர்ந்து, 8 மீட்டர் கட்டாக வரும். ஆறையும் சேர்த்துக் கோர்க்கக் கூடாது. ஃபெல்ட்டுக்கு இரண்டு இழை போதும், ஓரத் தையல் தடிப்பாகத் தெரிய வேண்டுமென்றால் மூன்று. இழை பிரிப்பதில்தான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பொறுமை இழக்கிறார்கள். நூலை இரண்டாகப் பிளந்து இழுத்தால் கீழே முறுக்கேறிச் சிக்கிக்கொள்ளும். அதற்குப் பதிலாக, வெட்டிய நூலின் ஒரு முனையை இடது கையின் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து ஒரே ஓர் இழையை மட்டும் நேராக மேலே உருவுங்கள். மீதி ஐந்தும் விரலுக்கடியில் சுருங்கிக் குவியும், பயப்பட வேண்டாம், இழை வெளியே வந்ததும் நீவிவிட்டால் பழையபடி நீண்டுவிடும். இப்படி ஒவ்வொன்றாக உருவி, பிறகு இரண்டைச் சேர்த்துக் கோருங்கள். ஒரேயடியாக இரண்டாகப் பிரிப்பதைவிட இப்படிச் சேர்த்த நூல் துணியின் மேல் தட்டையாக, பளபளப்பாகப் படியும்.

நீளம் 45 செ.மீ.க்கு மேல் வேண்டாம். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை அளந்தால் சரியாக இருக்கும். நீளமாக எடுத்தால் அடிக்கடி கோர்க்க வேண்டாமே என்று தோன்றும், ஆனால் ஒவ்வொரு முறையும் நூல் ஃபெல்ட்டை உரசிக்கொண்டுதான் போகிறது. நீளமான நூல் பாதி வழியிலேயே பொலிவிழந்து பஞ்சுபஞ்சாகிவிடும், சிக்கும் விழும்.

ஊசி, எம்பிராய்டரி ஊசி என்றே கேட்டு வாங்குங்கள். காது நீளமாக, முனை கூர்மையாக இருக்கும். எண் ஏற ஏற ஊசி மெலிந்துகொண்டே போகும், 7ஆம் எண் இரண்டு மூன்று இழைகளுக்குப் பொருத்தம். குறுக்குத் தையலுக்கு விற்கிற மழுங்கிய முனை ஊசி ஃபெல்ட்டில் இறங்காது. தடித்த இடத்தில் ஊசியைத் தள்ள, தையல்காரர்கள் போட்டுக்கொள்கிற அங்குஸ்தான் ஒன்று இருந்தால் நடுவிரல் தப்பிக்கும்.

கத்தரிக்கோல் விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். ஃபெல்ட்டுக்கு என்று ஒரு கூர்மையான சிறு கத்தரிக்கோல் ஒதுக்கிவையுங்கள், அதில் காகிதம் வெட்ட யாரையும் விடாதீர்கள். மழுங்கிய கத்தரிக்கோல் ஃபெல்ட்டை வெட்டாது, மெல்லும். ஓரம் மயிர் மயிராக நிற்கும், என்னதான் அழகாகத் தைத்தாலும் அந்த ஓரம்தான் முதலில் கண்ணில் படும். வட்டமும் வளைவும் வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பாமல், அதை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு துணியைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொடுங்கள். அலகின் நுனியால் கொறிக்காமல் உள்பக்கத்தால் நீளமாக வெட்டினால் வளைவு முறியாமல் வரும்.

படத்தைத் துணிக்கு மாற்றுவது

பருத்தித் துணி என்றால் படத்தின் மேல் விரித்து வெளிச்சத்தில் வரைந்துவிடலாம். ஃபெல்ட்டில் மறுபக்கம் தெரியாது, பென்சில் கோடும் மயிரில் அமிழ்ந்துவிடும். எனக்கு இதுவரை ஏமாற்றம் தராத வழி, மெல்லிய டிஷ்யூ பேப்பர் அல்லது டிரேசிங் பேப்பரில் படத்தை வரைந்து, அந்தக் காகிதத்தை ஃபெல்ட்டின் மேல் குண்டூசியால் குத்தி, காகிதத்தோடு சேர்த்தே கோட்டின் மேல் தைத்து, முடிந்த பின் காகிதத்தை மெதுவாகக் கிழித்து எடுப்பது. தையலுக்கு அடியில் மாட்டிக்கொண்ட துணுக்குகளை முடி பிடுங்கும் சாமணத்தால் எடுத்துவிடலாம். தையல் சிறிதாக இருந்தால் காகிதம் தானாகவே துளைத்த கோட்டில் கிழிந்து வரும். பென்சிலால் வரைந்த கோடு வெளிர் நிற நூலில் கரி பூசிவிடும் என்பதால், படத்தை நூலின் நிறத்துக்கு நெருங்கிய மையில் வரைவது நல்லது. மை நன்றாகக் காய்ந்த பிறகே தைக்க வேண்டும்.

தண்ணீரில் கரைகிற ஒட்டும் தாளும் உண்டு. வசதிதான், ஆனால் கடைசியில் வேலையை நனைக்க வேண்டும். கம்பளி ஃபெல்ட்டைக் கசக்கி நனைத்தால் சுருங்கும், அடர் நிறம் சாயம் விடும். சூடு பட்டால் மறைகிற பேனாவை நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள்; அந்த மை உண்மையில் அழிவதில்லை, சுமார் 60 டிகிரியில் நிறமிழக்கிறது, கடும் குளிரில் வைத்தால் திரும்பத் தெரியும், அடர் நிறத் துணியில் வெளிறிய தடம் விடுவதும் உண்டு. எளிய படமென்றால் இதெல்லாம் வேண்டாம், சாக் பென்சிலால் நாலு புள்ளி வைத்துவிட்டுக் கண்ணளவில் தைத்துவிடுங்கள்.

ஊசிப் புத்தகம் தைக்கலாம்

ஊசிப் புத்தகம் என்பது ஊசிகளைக் குத்தி வைக்க ஃபெல்ட் பக்கங்கள் உள்ள ஒரு சின்னப் புத்தகம். முதல் பொருளாக அதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நேராக வெட்டுவது, மேலே வடிவம் வைத்துத் தைப்பது, கோட்டுத் தையல், முடிச்சுத் தையல், ஓரத் தையல் என்று ஃபெல்ட் வேலைக்கு அடிப்படையான எல்லாம் இதில் வந்துவிடும். அதோடு அடுத்து எதைத் தைக்க உட்கார்ந்தாலும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

வெளி அட்டைக்கும் உள் அட்டைக்கும் 16 × 10 செ.மீ. அளவில் ஒவ்வொன்று, பக்கங்களுக்கு 14 × 8 செ.மீ. அளவில் இரண்டு வெட்டிக்கொள்ளுங்கள். மடித்தால் 8 × 10 செ.மீ. புத்தகம். வெளி அட்டையை மடித்து, நடுக்கோட்டில் வேறு நிற நூலால் பெரிய பெரிய தையலாக ஓர் அடையாளம் ஓட்டிவையுங்கள், பிறகு உருவிவிடலாம். இந்த அடையாளம் எதற்கென்றால், விரித்த அட்டையின் வெளிப்பக்கம் உங்களைப் பார்த்து இருக்கும்போது வலது பாதிதான் முன் அட்டை. நான் ஒருமுறை இதை யோசிக்காமல் இடது பாதியில் முழுப் பூங்கொத்தையும் தைத்து முடித்தேன், மடித்த பிறகுதான் அது பின்னட்டைக்குப் போயிருப்பது தெரிந்தது. ஓரத்திலிருந்து ஒன்றரை செ.மீ. உள்ளே தள்ளியே படம் இருக்கட்டும்.

படம் பெரிதாக வேண்டாம். வளைந்த ஒரு காம்பு, இரண்டு இலை, ஒரு பூ. இலைகளை இரண்டரை செ.மீ. நீளத்தில் வெட்டுங்கள். பூவுக்கு 3 செ.மீ. வட்டம் ஒன்று, அதன் மேல் வைக்க ஒன்றரை செ.மீ. வட்டம் ஒன்று. வட்டத்துக்கு ஏதாவது ஒரு பாட்டில் மூடியைக் காகிதத்தில் வைத்து வரைந்து வெட்டி, அந்தக் காகிதத்தை ஒட்டும் டேப்பால் ஃபெல்ட்டின் மேல் ஒட்டி இரண்டையும் சேர்த்து வெட்டினால் நகராமல் வரும். காகிதத்தில் கத்தரிக்கோல் படக் கூடாது என்று இப்போதுதானே சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். மெல்லிய டேப்பும் சிறு காகிதமும் என்றால் பரவாயில்லை, அல்லது காகிதத்தைச் சுற்றிச் சாக் பென்சிலால் வரைந்துவிட்டுக் காகிதத்தை எடுத்துவிட்டும் வெட்டலாம்.

முதலில் காம்பு. காம்புத் தையல் என்றே பெயர் உள்ள தையல் இதற்கு. ஒவ்வொரு தையலும் அரை செ.மீ. நீளம், ஊசி முன்னே இறங்கி, முந்தைய தையலின் பாதி தூரத்தில், எப்போதும் நூலுக்கு ஒரே பக்கத்தில் வெளியே வர வேண்டும். ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் என்று வந்தால் முறுக்கிய கயிறு மாதிரி இருக்க வேண்டிய கோடு குழம்பிவிடும். வளைவு வரும் இடத்தில் தையலைச் சின்னதாக்குங்கள்.

முடிச்சு போட்டுத் தொடங்குவதை விடவும் சுத்தமான ஒரு வழி சொல்கிறேன். ஒரே ஓர் இழையை 90 செ.மீ. நீளம் எடுத்து, இரண்டாக மடித்து, வெட்டுமுனைகள் இரண்டையும் ஊசியில் கோருங்கள். மறு முனையில் வளையம் இருக்கும். முதல் தையலில் ஊசியைக் கீழிருந்து மேலே இழுக்கும்போது வளையத்தைப் பின்பக்கம் கொஞ்சம் விட்டுவைத்து, ஊசி மறுபடி கீழே போனதும் அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுங்கள். முடிச்சே இல்லாமல் நூல் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் பட்டு மாதிரி இருக்கும். இரண்டு இழை வேண்டிய இடத்திலெல்லாம் நான் இப்படித்தான் தொடங்குகிறேன்.

இலையைச் சுற்றிலும் தைக்காதீர்கள். நடுநரம்பை மட்டும் பின் தையலில் (ஒவ்வொரு தையலும் பின்னோக்கிப் போய் முந்தைய தையலின் முனையில் இறங்குவது), நுனிக்கு அரை செ.மீ. முன்னால் நிற்கும்படி தையுங்கள். அந்த நரம்பே இலையை அட்டையோடு பிடித்துக்கொள்ளும், இரண்டு ஓரமும் சற்றே தூக்கிக்கொண்டு நிற்கும். நிழல் விழும். இந்த ஒரு சின்ன விஷயம் படத்தையே உயிரோடு காட்டும், பருத்தித் துணியில் இதைச் செய்யவே முடியாது. பக்க நரம்புகள் வேண்டுமென்றால் நடுவிலிருந்து சாய்வாக இரண்டு மூன்று நேர்த்தையல் போதும்.

பூவின் பெரிய வட்டத்தைக் காம்பின் முனை மறையும்படி வைத்து, ஓரத்திலிருந்து நடு நோக்கி ஆரங்களாகச் சிறு நேர்த்தையல்கள் போடுங்கள், கடிகார முள் நிற்கிற பன்னிரண்டு இடங்களை மனதில் வைத்துக்கொண்டால் இடைவெளி சமமாக வரும். முதலில் 12, 6, 3, 9. பிறகு இடைப்பட்டவை. சின்ன வட்டத்தை மேலே வைத்து, மகரந்தம் மாதிரி ஏழெட்டு முடிச்சுகளால் அதைப் பிடித்துவிடலாம்.

இந்த முடிச்சுதான் பிரெஞ்ச் நாட், எல்லோரும் பயப்படுகிற தையல். ஊசி மேலே வந்ததும், இடது கையால் நூலை விறைப்பாகப் பிடித்து, ஊசியைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றுங்கள். ஊசியைச் சுழற்றாதீர்கள், நூல்தான் சுற்ற வேண்டும். வெளியே வந்த துளையிலேயே திரும்ப இறக்காமல் ஒரு நூல் பிடியளவு தள்ளி ஊசி நுனியை இறக்குங்கள், அதே துளையில் இறக்கினால் முடிச்சு முழுவதும் உள்ளே போய்விடும். இப்போது இடது கையில் இருக்கும் நூலை இழுத்து, சுற்றுகள் ஊசியடியில் துணியோடு ஒட்டி உட்காரும்படி செய்து, அந்தப் பிடியை விடாமலே ஊசியைக் கீழே இழுங்கள். பிடியைச் சீக்கிரம் விட்டால் முடிச்சு தொளதொளவென்று நிற்கும், சுற்றை அதிகமாக இறுக்கினால் ஊசி நகராது. பத்து முடிச்சு தப்பும், பதினோராவது சரியாக வரும். ஒரு கழிவுத் துண்டில் போட்டுப் பழகிவிட்டு வாருங்கள்.

தப்பாகத் தைத்தால் பிரிப்பதற்குத் தயங்க வேண்டாம். பின்பக்கத்திலிருந்து நூலை வெட்டி, சாமணத்தால் உருவி, துளை இருந்த இடத்தை நகத்தால் வட்டமாக மெல்லத் தேய்த்துவிடுங்கள். இழைகள் நகர்ந்து துளையை மூடிக்கொள்ளும். கம்பளி ஃபெல்ட்டில் எங்கே பிரித்தோம் என்று நமக்கே தெரியாமல் போகும்.

முன் அட்டை முடிந்ததும், பக்கங்கள் இரண்டையும் உள் அட்டையின் நடுவில் வைத்து, மடிப்புக் கோட்டில் பின் தையலால் தையுங்கள். உள் அட்டையோடு மட்டும்தான். இப்படிச் செய்தால் அந்தத் தையல் வெளியே தெரியாது. பிறகு வெளி அட்டையை மேலே வைத்து, முதுகுப்பக்கம் எல்லாம் உள்ளே மறையும்படி நாலு பக்கமும் ஓரத் தையல்.

ஓரத் தையல், கொஞ்சம் நிதானமாக

பிளாங்கெட் ஸ்டிச் அல்லது கம்பளித் தையல் என்பார்கள். ஃபெல்ட் வேலையில் பாதி அழகு இதில்தான் இருக்கிறது, அதனால் இதற்கு ஒரு தனி மாலை ஒதுக்குங்கள். நம் அட்டையின் சுற்றளவு 52 செ.மீ., தையலுக்குத் தையல் 3 மி.மீ. இடைவெளி விட்டால் கிட்டத்தட்ட 170 தையல் வரும். நூல் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் பிடிக்கும், அதாவது ஐந்தாறு முறை ஊசி கோர்க்க வேண்டியிருக்கும்.

நூல் முனையில் முடிச்சிட்டு, இரண்டு அடுக்குக்கும் நடுவிலிருந்து, மேல் அடுக்கின் வழியாக, ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே ஊசியை வெளியே எடுங்கள். முடிச்சு நடுவில் மறைந்துவிடும். ஊசியை ஓரத்தைச் சுற்றிப் பின்பக்கம் கொண்டுபோய், பின்னாலிருந்து அதே துளை வழியாக முன்னே எடுத்து இழுத்தால் ஓரத்தைச் சுற்றி ஒரு கண்ணி நிற்கும். அதன் அடியில் ஊசியைப் பக்கவாட்டாக நுழைத்து இறுக்குங்கள், தொடக்கம் உறுதியாகிவிட்டது. இனி 3 மி.மீ. தள்ளி, முன்னிருந்து பின்னே இரண்டு அடுக்கையும் துளைத்து, ஊசி ஓரத்துக்கு வெளியே வரும்போது நூல் ஊசிக்குப் பின்னால் இருக்கும்படி பார்த்துக்கொண்டு இழுங்கள். நூல் ஓரத்தின் மேல் ஒரு கோடாகப் படுக்கும். அவ்வளவுதான், இதையே திரும்பத் திரும்ப.

இழுக்கிற திசை முக்கியம். உங்களை நோக்கி மேலே இழுக்காமல், ஓரத்துக்கு நேர் வெளியே இழுங்கள். நூல் ஓரத்தில் வந்து படிந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் இழுத்தால் ஃபெல்ட் அலை அலையாகச் சுருங்கும். மூலையில் ஒரே துளையில் மூன்று தையல்: மூலைக்கு முன்னால் ஒன்று, மூலைக்குச் சாய்வாக ஒன்று, மூலை தாண்டி ஒன்று. நூல் பத்து செ.மீ. மிச்சம் இருக்கும்போதே ஊசியை இரண்டு அடுக்குக்கு நடுவில் விட்டு, கொஞ்சம் தள்ளி வெளியே எடுத்து ஒட்ட வெட்டிவிடுங்கள். புது நூலை நடுவிலிருந்து எடுத்து, கடைசிக் கண்ணிக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்து தொடர்ந்தால் ஒட்டுப்போட்டது தெரியாது. இடதுகைக்காரர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பது போல மாற்றி, வலமிருந்து இடமாகப் போங்கள்.

இடைவெளி சமமாக வரவில்லை என்று கவலைப்படுபவர்கள், ஊசியின் மேலேயே பேனாவால் 3 மி.மீ.க்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டு அளந்து அளந்து தைக்கலாம். இருபது முப்பது தையலுக்குப் பிறகு கை தானாக அளந்துகொள்ளும். அதற்குப் பிறகு வருகிற நேரம்தான் எனக்குப் பிடித்தது, கண் ஓரத்தின் மேல் இருக்கும், நூல் துணிக்குள் போகிற மெல்லிய உரசல் சத்தம் மட்டும் கேட்கும்.

நேரமே கிடைப்பதில்லை என்பவர்கள் ஒரு நாளைக்கு ஒரு ஊசி நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 செ.மீ. நூல் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும், தீர்ந்ததும் எழுந்துவிடலாம். எல்லாவற்றையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு, உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பரண்மேல் ஏற்றி வைத்தால் எடுக்க மாட்டீர்கள். விளக்கு வலதுகைக்காரர்களுக்கு இடப்பக்கத்திலிருந்து விழட்டும், கையின் நிழல் தையலை மறைக்காது. கறுப்பு ஃபெல்ட்டில் கறுப்பு நூலால் தைப்பதைப் பகல் வெளிச்சத்துக்கு ஒத்திவையுங்கள்.

அடுத்து என்ன?

புத்தக அடையாளம், சாவிக்கொத்து, கண்ணாடி உறை எல்லாம் இதே தையல்களில் வந்துவிடும். பஞ்சடைத்த பறவையோ இதயமோ செய்வதென்றால், ஓரத் தையலில் மூன்று நாலு செ.மீ. திறந்து வைத்து, பஞ்சைச் சின்னச் சின்னத் துணுக்குகளாகப் பிய்த்து, முதலில் மூலைகளுக்கும் நுனிகளுக்கும் பென்சிலின் மழுங்கிய பக்கத்தால் தள்ளி, கடைசியில் நடுவை நிரப்புங்கள். ஒரே உருண்டையாகத் திணித்தால் வெளியே கட்டி கட்டியாகத் தெரியும். முகம், சிறகு, கண் எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தையும் சேர்ப்பதற்கு முன்பே தைத்து முடித்திருக்க வேண்டும்.

சின்னக் குழந்தைக்கு என்றால் பொத்தானும் மணியும் வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் எதையும் வாயில் வைப்பார்கள், தைத்த பொத்தான் ஒருநாள் கழன்றே தீரும். கண்ணையும் மூக்கையும் நூலாலேயே தையுங்கள், பார்க்கவும் அதுதான் அழகு. உட்காரும்போது எத்தனை ஊசி, குண்டூசி எடுத்தோம் என்று எண்ணி, எழும்போது அத்தனையும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அடைத்த பஞ்சுக்குள் ஒரு குண்டூசி போய்விட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இஸ்திரி போட வேண்டியிருந்தால் செயற்கை ஃபெல்ட்டில் நேரடியாகச் சூட்டை வைக்காதீர்கள், உருகி மினுமினுத்துவிடும். மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, குறைந்த சூட்டில், தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள். முடிச்சுத் தையல் உள்ள பக்கத்தை ஒரு துண்டின் மேல் கவிழ்த்து வைத்துப் பின்பக்கம் போட்டால் முடிச்சு நசுங்காது. அழுக்கானால் முழுவதும் நனைக்காமல் ஈரத் துணியால் ஒற்றி எடுப்பது போதும். கழுவியே ஆக வேண்டுமென்றால் குளிர்ந்த நீரில், கசக்காமல், பிழியாமல், துண்டில் வைத்து ஒற்றி நிழலில் தட்டையாக உலர்த்துங்கள். சிவப்பும் வெள்ளையும் சேர்ந்திருந்தால் சிவப்பின் ஒரு துணுக்கை முன்னதாகவே நனைத்து வெள்ளைக் காகிதத்தில் அழுத்திப் பாருங்கள், நிறம் இறங்கினால் அந்தப் பொருளைக் கழுவவே கூடாது.

வெட்டியதில் மிஞ்சும் துணுக்குகளைத் தூக்கிப் போடாதீர்கள். விரல் நக அளவுத் துண்டிலும் ஒரு மொட்டு கிடைக்கும், அதைவிடச் சிறியதெல்லாம் அடுத்த பறவையின் வயிற்றுக்குள் பஞ்சோடு பஞ்சாகப் போய்விடும்.